கண் முன்னால் நிற்கிற "அவர்கள்" தேடினால் அகப்படவில்லை, எந்த எடிட்டர் காட்டிக்கொடுக்கும்?

பழுப்பேடு:
நாட்டுடைமையான ஒரு பழைய கட்டுரைத் தொகுப்பை மின்னூலாக்கிக்கொண்டிருக்கிறோம். ஸ்கேன் படங்களை இணையத்தில் கிடைக்கிற ஒரு ஓசிஆர் சேவையில் கொடுத்து உரையாக எடுத்தது. எழுத்துப்பிழை குறைவுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் வேறு. திரையில் வரிக்கு வரி "அவர்கள்" நிற்கிறது, ஆனால் கன்ட்ரோல் எஃப் அடித்து நானே தட்டச்சிட்டுத் தேடினால் ஒன்றுகூட வருவதில்லை. திரையில் இருப்பதையே நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டினால் எல்லாம் வருகிறது. இரண்டும் ஒன்றில்லை என்பது புரிகிறது, எங்கே வேறுபடுகிறது என்பதுதான் தெரியவில்லை. ¶ பொத்தானை அழுத்திப் பார்த்தாயிற்று. இடைவெளிக்கு ஒரு புள்ளி, பத்தி முடிவில் ¶, அதோடு சரி, சொல்லுக்குள் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே ஒளிந்திருப்பதைக் காட்டுகிற எடிட்டர் எது என்று சொல்லுங்கள். நான் நிரல் எழுதுகிற ஆள் இல்லை, மெய்ப்புப் பார்க்கிறவன்.

விம்_விசிறி:
இரண்டு வரியை இங்கே ஒட்டுங்கள், பார்த்துவிடலாம்.

பழுப்பேடு:
இதோ: "அவர்‌கள்‌ சொன்னதைக்‌ கேட்டு"

விம்_விசிறி:
நினைத்தது சரி. விம் எடிட்டரில் திறந்தால் இப்படித் தெரிகிறது:

அவர்<200சி>கள்<200சி> சொன்னதைக்<200சி> கேட்டு

ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னாலும் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார். யூனிகோடு எண் பதினாறடிமானத்தில் 200சி, நம் கணக்கில் 8204. இதைப் பார்க்க விம்மில் எந்த செட்டிங்கும் வேண்டாம். தன்னால் அச்சிட முடியாது என்று அது நினைக்கிற எழுத்தையெல்லாம் இப்படிக் கோண அடைப்புக்குள் எண்ணாகத்தான் போடும். கர்சரை ஒரு எழுத்தின் மேல் வைத்து ஜி, ஏ என்று இரண்டு விசை தட்டினால் அதன் எண்ணும், அதோடு ஒட்டிக்கொண்டிருக்கிற குறிகளின் எண்ணும் கீழே வரும். ஜி, 8 தட்டினால் பைட்டுகள் வரும். டேப், வரிக் கடைசியில் மிஞ்சிய இடைவெளி, நோ-பிரேக் ஸ்பேஸ் (அந்த இடத்தில் வரியை உடைக்க விடாத இடைவெளி) இதெல்லாம் தெரிய வேண்டுமென்றால் மட்டும் லிஸ்ட் என்கிற செட்டிங்கைப் போட வேண்டும். எந்தக் குறிக்கு என்ன வடிவம் என்பதை லிஸ்ட்சார்ஸில் நாமே வைத்துக்கொள்ளலாம்.

எழுத்துரு_அக்கா:
இவர் பெயர் ஜீரோ விட்த் நான் ஜாய்னர். அகலம் பூஜ்யம், வேலை ஒன்றே ஒன்று: பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் ஒட்டிக் கூட்டெழுத்தாகாமல் தடுப்பது. தமிழில் அப்படி ஒட்டுகிற எழுத்து அநேகமாக க்ஷ, ஸ்ரீ இரண்டுதான், அதனால் ர் பக்கத்தில் இவருக்கு ஒரு வேலையும் கிடையாது. எழுத்துருவும் அதை வரைகிற நிரலும் இவரைப் படித்துவிட்டு, சரி ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று விட்டுவிடும். திரையில் ஒரு பிக்சல்கூட மாறாது.

ஆனால் கோப்பில் இருக்கிறார். "அவர்கள்" என்று நீங்கள் தட்டச்சிட்டால் அ, வ, ர, புள்ளி, க, ள, புள்ளி, ஆக ஏழு குறி. தமிழ்க் குறி ஒன்றுக்கு, கோப்பில் எழுத்தைச் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட், மொத்தம் 21. உங்கள் ஓசிஆர் தந்த "அவர்‌கள்‌" ஒன்பது குறி, 27 பைட். பெரும்பாலான எடிட்டர்கள் குறிக்குக் குறி ஒப்பிட்டுத்தான் தேடுகின்றன, ஆகவே நான்காவது குறியைத் தாண்டியதும் முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. தமிழ் ஓசிஆர் உரைகளில் இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளிலும் வரும்.

சும்மா_வந்தவன்:
வேலையே இல்லாதவர் என்றால் மொத்தமாக அழித்துவிட்டுப் போவதுதானே? இதற்கு எதற்கு இழை?

யாழ்_தட்டச்சு:
மொத்தமாக அழிக்காதையுங்கோ. "ரிக்‌ஷா" என்று எழுதும்போது க் தனியே, ஷா தனியே நிற்பதற்குக் காரணம் நடுவில் இருக்கும் இதே 8204தான். எடுத்துவிட்டால் "ரிக்ஷா" என்று ஒட்டிக்கொள்ளும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ, வடிவமே வேறு. இதற்கு ஒரு அண்ணன் இருக்கிறார், 8205, ஜீரோ விட்த் ஜாய்னர், அவர் ஒட்டவைக்கிற ஆள். எங்கட பக்கத்துக் கோப்புகளில் தமிழும் சிங்களமும் ஒன்றாக இருக்கும். சிங்களத்தில் ஸ்ரீ எழுதவே அந்த 8205 வேண்டும், நாட்டின் பெயரே அதை வைத்துத்தான் ஒழுங்காகத் தெரிகிறது. "கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளை நீக்கு" என்று ஒரு பொத்தானை அழுத்தி, சிங்களப் பக்கம் முழுக்கச் சிதைந்துபோன ஆவணங்களைக் கண்டிருக்கிறேன். பாரசீகத்திலும் 8204 இல்லாமல் ஒரு பத்தி எழுதுவது கஷ்டம், சொல்லின் முன்னொட்டைப் பிரித்துக் காட்ட அதுதான். ஒரு குடும்பப் படமாக வருகிற எமோஜிகூட மூன்று நாலு முகங்களை 8205 போட்டுக் கட்டியதுதான்.

நெல்லை_நிரலன்:
பழுப்பேடு அண்ணாச்சி, விம் கற்றுக்கொண்டு மெய்ப்புப் பார்க்கிற வேலையை ஆரம்பித்தால் புத்தகம் வெளிவராது. விஎஸ் கோட் என்கிற எடிட்டரைப் போட்டுக்கொள்ளுங்கள். அதில் இப்படிப்பட்ட எழுத்து இருக்கிற இடத்தைச் சுற்றி ஒரு மஞ்சள் கட்டம் போடும், மவுஸை மேலே வைத்தால் எண்ணையும் சொல்லும். 2021 நவம்பரில், கேம்பிரிட்ஜில் நிக்கோலஸ் பௌச்சரும் ராஸ் ஆண்டர்சனும் ட்ரோஜன் சோர்ஸ் என்று ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அரபு, எபிரேயம் போன்ற வலமிருந்து இடம் எழுதுகிற மொழிகளுக்காக வைத்த திசைமாற்றும் குறிகளை நிரலுக்குள் செருகினால், மனிதக் கண்ணுக்கு ஒரு நிரல், நிரலைக் கணினி மொழிக்கு மாற்றுகிற கம்பைலருக்கு வேறு நிரல் என்று ஆக்கிவிடலாம் என்று செய்தே காட்டினார்கள். அப்புறம்தான் எடிட்டர்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். நிரல்களைச் சேர்த்து வைக்கிற கிட்ஹப் தளம் அப்படிப்பட்ட கோப்புகளுக்கு மேலே எச்சரிக்கைப் பட்டை போட ஆரம்பித்ததும், விஎஸ் கோடில் இந்த மஞ்சள் கட்டம் வந்ததும் அந்தக் காலத்தில்தான்.

ஒரு விஷயம், மார்க்டவுன் (எளிய குறிகளால் வடிவமைக்கிற உரை) கோப்புக்கு இந்த வசதி இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கும். செட்டிங்ஸில் யூனிகோட் ஹைலைட் என்று தேடி, இன்விசிபிள் கேரக்டர்ஸை அந்த மொழிக்கும் சேர்த்துப் போட வேண்டும். ரெண்டர் வைட்ஸ்பேஸ் என்று ஒன்று இருக்கும், அது இடைவெளிக்கும் டேப்புக்கும் உள்ளது, உங்கள் சிக்கலுக்கு ஆகாது.

பழுப்பேடு:
போட்டுப் பார்த்தேன் தம்பி, நன்றி. மார்க்டவுன்தான் என் கோப்பு, சொன்ன மாதிரி செட்டிங்கை மாற்றியதும் வந்துவிட்டது. வந்ததுதான் இப்போது தொல்லை. ஒரு பக்கத்தில் எத்தனை மெய்யெழுத்து இருக்குமோ அத்தனை மஞ்சள் கட்டம். தமிழில் புள்ளி வைக்காத வரி ஏது? படிக்கவே முடியவில்லை.

முனியம்மா_ஈமேக்ஸ்:
அதனால்தான் எடிட்டர் எதையும் தானாகக் காட்டவே கூடாது என்பேன். கேட்டால் சொல்லட்டும், கேட்காவிட்டால் வாயை மூடிக்கொண்டிருக்கட்டும். ஈமேக்ஸில் கர்சரை வைத்து கன்ட்ரோல் யூ, கன்ட்ரோல் எக்ஸ், சமக்குறி அடித்தால் அந்த இடத்து எழுத்தின் எண், யூனிகோடு பெயர், எந்த எழுத்துருவில் வரைந்தது, பக்கத்து எழுத்தோடு சேர்த்து வரைந்ததா என்பதுவரை முழு ஜாதகமும் வரும். மற்ற நேரம் உரை உரையாக இருக்கும்.

விம்_விசிறி:
கேட்டால் சொல்லும், சரி. ஆனால் எங்கே கேட்பது என்று தெரிய முதலில் சந்தேகம் வர வேண்டுமே? பழுப்பேடு ஐயாவுக்குத் தேடல் ஏமாற்றியதால் சந்தேகம் வந்தது. தேடாதவருக்கு எப்போது வரும்? நோ-பிரேக் ஸ்பேஸை எடுத்துக்கொள்ளுங்கள், எண் 160. இணையப் பக்கத்திலிருந்து ஒரு கட்டளையை நகலெடுத்து ஒட்டினால் கூடவே வந்துவிடும், பார்க்க அச்சு அசல் சாதாரண இடைவெளி. மேக்கில் ஆப்ஷனை அழுத்தியபடி ஸ்பேஸ்பாரைத் தட்டினாலே அதுதான் விழும். கட்டளையை வாங்கி இயக்குகிற ஷெல் அந்த 160ஐப் பிரிப்பாக எடுத்துக்கொள்ளாது, கட்டளையின் பெயரோடு சேர்த்துப் படித்துவிட்டு அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று கைவிரிக்கும். உங்கள் ஈமேக்ஸே 160ஐக் கேட்காமலேயே வேறு நிறத்தில் காட்டுகிறது, ஏன்?

முனியம்மா_ஈமேக்ஸ்:
அது நியாயமான கேள்வி. 160 நிரலில் தற்செயலாக விழுவது அதிகம், வேண்டுமென்றே போடுவது குறைவு, அதனால் வண்ணம் கொடுத்தது சரிதான். 8204ஐ அப்படிச் சொல்ல முடியாது, பாரசீகக்காரர் வேண்டுமென்றே போடுகிறார். ஒரே விதி எல்லா எழுத்துக்கும் பொருந்தாது என்பதுதான் என் கட்சி.

எழுத்துரு_அக்கா:
இதில் எனக்கும் ஒரு கட்சி உண்டு, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

வேர்டு மாதிரியான மென்பொருள்கள் மாற்று உருவம் கொடுக்கின்றன. இடைவெளிக்கு நடுப்புள்ளி, டேப்புக்கு அம்புக்குறி, நோ-பிரேக் ஸ்பேஸுக்குச் சின்ன வட்டம், பத்திக்கு ¶. பக்கம் அமைக்கிறவருக்காகச் செய்தது, அதனால் பக்க அமைப்புக்கு வேண்டியதற்குத்தான் முதல் மரியாதை. நோட்பேட் பிளஸ் பிளஸில் எல்லா எழுத்தையும் காட்டு என்றால் வரிக் கடைசியில் கறுப்புப் பெட்டிக்குள் சிஆர், எல்எஃப் என்று வரிமுடிவுக் குறிகளின் பெயரே எழுதிவிடும். விண்டோஸ் கோப்பா லினக்ஸ் கோப்பா என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும், அந்த வேலைக்கு அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. விம், சப்ளைம் இரண்டும் எண்ணை எழுதுகிற ரகம். விஎஸ் கோட் கட்டம் கட்டுகிற ரகம்.

ஆங்கில உரையில் எண்ணை எழுதினால் கெட்டுப்போவது ஒன்றுமில்லை, எழுத்துகள் நகர்ந்து கொடுக்கும், அவ்வளவுதான். நம் எழுத்து முறையில் ஒரு குறி அடுத்த குறியோடு சேர்ந்துதான் உருவம் பெறுகிறது. நடுவில் <200சி> என்று ஒரு சுவர் எழுப்பினால் "ரிக்‌ஷா" ஏன் அப்படித் தெரிகிறது என்பதைப் பார்க்கவே முடியாது, ஏனென்றால் சுவரே அந்த வேலையைச் செய்துவிடும். சில இடங்களில் உயிர்மெய்க் குறி தாய் எழுத்தைப் பிரிந்து, புள்ளிகளாலான ஒரு வட்டத்தின் மேல் தொங்கும், பார்த்திருப்பீர்கள். எனக்கு வேண்டியது, உருவம் கலையாமல், எழுத்துக்கு அடியில் மெல்லிய ஒரு கீறல். அதுவும் நான் கேட்ட எண்களுக்கு மட்டும். நான் பார்த்த எடிட்டர்களில் இதற்குக் கிட்டத்தில் வருவது விஎஸ் கோடின் கட்டம்தான். அதில் விலக்குப் பட்டியல் ஒன்று இருக்கிறது, 8204ஐ அதில் சேர்த்துவிட்டால் மஞ்சள் மழை நின்று, 8203 (அகலமில்லாத இடைவெளி), 65279 (கோப்பின் தொடக்கத்தில் வைக்கிற குறி) மாதிரி உண்மையிலேயே வரக்கூடாதவை மட்டும் கட்டத்துக்குள் தெரியும். 8204ஐத் தனியாகத் தேடிப் பார்த்துக்கொள்ளலாம்.

சும்மா_வந்தவன்:
டெர்மினலில் கோப்பைக் காட்டுகிற கேட் கட்டளையோடு கோடு போட்டுப் பெரிய ஏ கொடுத்தால் எல்லாம் தெரியுமே, எடிட்டரே வேண்டாமே?

நெல்லை_நிரலன்:
ஆங்கிலக் கோப்புக்குத் தெரியும். டேப் ^ஐ ஆகும், வரிக் கடைசியில் $ வரும், விண்டோஸ் கோப்பாக இருந்தால் ^எம். தமிழ்க் கோப்புக்கு அதே கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். ஆஸ்கியை (ஆங்கில எழுத்துகளின் அடிப்படைத் தொகுதியை) தாண்டிய ஒவ்வொரு பைட்டையும் எம் கோடு என்று தொடங்கிப் பிரித்துப் போடும். ஒரு "க" மட்டும் "எம்-` எம்-. எம்-^யூ" என்று வரும். ஒளிந்திருப்பவரைக் காட்டு என்றால் ஊரில் இருக்கிற எல்லோர் முகத்திலும் கரி பூசி நிறுத்துகிற கதை.

கணக்குப்பிள்ளை:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், இதே இனத்துச் சிக்கல் என்று நினைக்கிறேன். தமிழ்ப் பெயர்ப் பட்டியலை சிஎஸ்வியாக எக்செலில் திறந்தால் கொக்கி கொக்கியாக ஏதோ வருகிறது, யாரோ சொன்ன மாதிரி "பாம்" வைத்துச் சேமித்தேன், சரியாகிவிட்டது. இப்போது அதே கோப்பை பைத்தானில் படித்தால் "பெயர்" என்கிற முதல் நெடுவரிசை மட்டும் இல்லை என்கிறது. மற்ற நெடுவரிசை எல்லாம் வருகிறது.

நெல்லை_நிரலன்:
பாம் என்பது பைட் ஆர்டர் மார்க், எண் 65279, கோப்பின் முதல் மூன்று பைட். இது யூடிஎஃப்-8 என்று எக்செலுக்கு அடையாளம் காட்டத்தான் அது. பைத்தானில் வெறும் யூடிஎஃப்-8 என்று சொல்லித் திறந்தால் அந்த மார்க்கும் முதல் தலைப்போடு ஒட்டிக்கொண்டு உள்ளே வந்துவிடும், அதனால் உங்கள் "பெயர்" இப்போது முன்னால் ஒரு குறி கூடுதலாக உள்ள "பெயர்". யூடிஎஃப்-8-சிக் என்று சொல்லித் திறந்தால் அதைக் கழற்றிவிட்டுப் படிக்கும். ஓரத்து இடைவெளிகளை நீக்குகிற ஸ்ட்ரிப் போட்டால் போய்விடும் என்று நினைக்காதீர்கள். பைத்தானின் ஸ்ட்ரிப் 160ஐ எடுக்கும், 8203ஐயும் 65279ஐயும் தொடாது. ஜாவாஸ்கிரிப்டின் ட்ரிம் 160, 65279 இரண்டையும் எடுக்கும், 8203ஐ விட்டுவிடும். எக்செலின் ட்ரிம் 32ஆம் எண் இடைவெளியைத் தவிர வேறு எதையும் கண்டுகொள்ளாது.

கணக்குப்பிள்ளை:
வேலை செய்கிறது! ஆளுக்கு ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள் போல.

யாழ்_தட்டச்சு:
பழுப்பேடு ஐயா, 8204ஐச் சுத்தம் பண்ணின பிறகும் சில சொல் தேடலில் மாட்டாது, அதையும் சொல்லிவிடுகிறேன். "கொ" என்பதில் உள்ள கொம்பும் காலும் ஒரே குறியாக 3018 என்றும் இருக்கலாம், 3014, 3006 என்று இரண்டு குறியாகவும் இருக்கலாம். திரையில் ஒன்றுதான். இதில் ஒளிந்திருக்கிற எழுத்து எதுவும் இல்லை, அதனால் எந்த எடிட்டரும் கட்டம் போடாது. கோப்பை என்எஃப்சி என்கிற யூனிகோடின் சீரான வடிவத்துக்கு மாற்றினால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆனால் ஸ்ரீ அப்படிச் சரியாகாது. ஸ வைத்தும் எழுதலாம், ஶ வைத்தும் எழுதலாம், பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். ஶ யூனிகோடில் வந்ததே 2005இல், 4.1 பதிப்பில்தான். அதற்கு முந்தைய கோப்பெல்லாம் ஸ வைத்தது. என்எஃப்சி இவை இரண்டையும் வேறு வேறு எழுத்தாகத்தான் பார்க்கும், நீங்கள்தான் ஒன்றைத் தேர்ந்து மாற்ற வேண்டும். அப்புறம் "ஔ" இருக்க வேண்டிய இடத்தில் ஒ, ள என்று இரண்டு எழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கோ, ஓசிஆருக்கு அதில் எப்பவும் தடுமாற்றம்.

பழுப்பேடு:
நல்லவேளை சொன்னீர்கள். புத்தகத்தில் பக்கத்துக்கு இரண்டு ஸ்ரீ இருக்கிறது.

சரி, நான் நினைத்திருப்பது இது: விஎஸ் கோடில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (வடிவத்தை வைத்துத் தேடுகிற) பொத்தானைப் போட்டு, பின்சாய்வுக்கோடு, யூ, 200சி என்று தேடி, எல்லாவற்றையும் வெற்றாக மாற்றுவது, க் பக்கத்தில் ஷ வருகிற இடத்தை மட்டும் விட்டுவிடுவது. ரிக்‌ஷா தப்பித்துவிடும் அல்லவா?

எழுத்துரு_அக்கா:
உங்கள் புத்தகம் எந்தக் காலத்தது?

பழுப்பேடு:
1930களின் நடை. "க்ஷேமம்", "பக்ஷம்", "லக்ஷணம்" என்று தாராளமாக வரும்.

எழுத்துரு_அக்கா:
அப்படியென்றால் உங்கள் விதி தலைகீழாக வேலை செய்யும். ஓசிஆர் புள்ளியைக் கண்டால் 8204 போடுகிறது என்றால் "பக்ஷம்" நடுவிலும் போட்டிருக்கும். மூலத்தில் க்ஷ ஒற்றை அச்செழுத்தாக இருந்திருக்கும், உங்கள் கோப்பில் "பக்‌ஷம்" என்று பிரிந்து நிற்கும். நீங்கள் விட்டுவைக்கப்போகிற இடங்கள்தான் இந்தப் புத்தகத்தில் அதிகம் பிழையானவை. 8204 முழுவதையும் எடுத்துவிடுங்கள், அப்புறம் க்ஷ வருகிற இடங்களை மட்டும் ஸ்கேன் படத்தோடு ஒப்பிடுங்கள். மூலத்தில் பிரித்து அச்சிட்ட இடம் அபூர்வமாக ஏதாவது இருந்தால் அங்கே மட்டும் கையால் போட்டுக்கொள்ளலாம்.

சும்மா_வந்தவன்:
மொத்தமாக அழியுங்கள் என்று நான் அப்போதே சொன்னேன்.

யாழ்_தட்டச்சு:
இந்தப் புத்தகத்துக்குச் சரி தம்பி. அடுத்த கோப்புக்கும் அதையே சொல்லுவீர்கள் என்றுதான் பயம்.

பழுப்பேடு:
முடித்துவிட்டேன். "அவர்கள்" இப்போது தட்டச்சிட்டுத் தேடினாலே வருகிறது. க்ஷ இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இதுவரை மூலத்தில் எல்லாமே ஒட்டிய வடிவம்தான். கடைசியாக ஒரு கேள்வி. எங்கள் குழுவில் கோப்புகளை, மாற்றங்களைப் பதிந்து வைக்கிற கிட்டில் வைத்திருக்கிறோம். இந்த மாற்றத்தைப் பார்த்த தோழி ஒருவர், எல்லா வரியும் மாறியிருப்பதாகக் காட்டுகிறது, ஆனால் சிவப்பு வரிக்கும் பச்சை வரிக்கும் ஒரு வித்தியாசமும் இல்லையே, என்ன செய்தீர்கள் என்று கேட்கிறார்.

நெல்லை_நிரலன்:
அவர் இணையப் பக்கத்தில் பார்த்திருப்பார். டெர்மினலில் கிட் டிஃப் போடச் சொல்லுங்கள். அது உரையைப் பக்கம் பக்கமாகக் காட்டுகிற லெஸ் வழியாகத்தான் திரைக்கு வரும், லெஸ் இந்த மாதிரி எழுத்துகளைக் கோண அடைப்புக்குள் எண்ணாகக் காட்டிவிடும், சிவப்பு வரியில் வரிசையாக நிற்பதைப் பார்த்துக்கொள்ளலாம். இந்த மாற்றத்தைத் தனி கமிட்டாக (கிட்டில் ஒரு தனிப் பதிவாக) வையுங்கள், எழுத்துப்பிழைத் திருத்தம் எதையும் அதோடு கலக்காதீர்கள். கமிட் செய்தியில் "புள்ளிக்குப் பின் வந்த 8204 நீக்கம், வேறு மாற்றம் இல்லை" என்று எழுதிவிட்டால் அடுத்து வருகிறவர் வரிவரியாக முறைத்துப் பார்க்க வேண்டியதில்லை. என்எஃப்சி மாற்றத்துக்கும் ஸ்ரீ மாற்றத்துக்கும் அதேபோல ஆளுக்கொரு கமிட்.